உம் கொட்ட ஓர் ஆள்

மோகனூரிலிருந்து நாமக்கல் போகிற சாலையில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பினால் வாழைத் தோட்டம். அதற்கப்பால் நீளநீளமாகக் கோழிக் கொட்டகைகள். கொட்டகைகளுக்கு முன்னால் நிற்கிற மாடி வீடு சின்னண்ணனுடையது.

சின்னண்ணன் பேசாத மனிதர் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெயர். எது கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒரு 'உம்'தான். அந்த உம்மில் மூன்று வகை உண்டு. வெட்டினாற்போல் விழுந்தால் சரி என்று அர்த்தம். இழுத்தால், பார்க்கலாம். மூக்கு வழியாக வந்தால் அந்தப் பேச்சையே எடுக்காதே. அவர் மனைவி கண்ணாத்தாள் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மருமகளாக வந்த தனப்பிரியாவும் வந்த வருஷமே மூன்றையும் பிரித்தறியப் பழகிவிட்டாள். கஷ்டமாக ஒன்றும் இல்லை. அவள் புருஷன் குணசீலனுக்கும் ஏறக்குறைய அதே மூன்றுதான்.

அப்பேர்ப்பட்ட சின்னண்ணன், போன ஆடி மாதம் ஒரு காலையில், காபி டம்ளரை எடுக்கப்போன வலது கை பாதியில் நின்றுபோக, அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிருக்கு மோசமில்லை என்றார்கள். கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேச ஆரம்பித்தார். காளை வாங்கப் போன சந்தை, காவிரியில் தண்ணீர் கரையேறிய வருஷம், கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராமல் காத்துக் கிடந்தது, யாரோ ஒருத்தன் வரப்பை வெட்டியது, நடுவில் தலையும் வாலும் இல்லாத சொற்கள், மறுபடி காளை. நிறுத்தவே இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முதல் நாள் சிரித்தார்கள். மறுநாள் வேறு அறை கேட்டார்கள்.

டாக்டர் மகனையும் மருமகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இதுக்கு லோகோரியான்னு பேருங்க. லோகோன்னா சொல்லு. ரியான்னா ஒழுகறது, வழியறது. பேச்சு தன்னால வழிஞ்சுக்கிட்டே இருக்கும். நிறுத்தணும்னு அவருக்குத் தோணாது."

"பிரேக் போயிருச்சுங்கறீங்க," என்றான் குணசீலன். கோழிப்பண்ணை போடுவதற்கு முன்பு லாரி வைத்திருந்தவன்.

"அப்படித்தான் வெச்சுக்குங்க. மாத்திரை எழுதறேன். போகப்போகக் கொறையலாம். கொறையாமயும் போகலாம். அதுவரைக்கும் பக்கத்துல யாராச்சும் ஒருத்தர் உக்காந்து கேக்கணும். கேக்கறதுக்கு ஆள் இல்லேன்னு தெரிஞ்சா பதறுவாரு. எந்திரிச்சு நடக்கப் பாப்பாரு, விழுந்துருவாரு."

யாராச்சும் ஒருத்தர் என்று சொன்னபோது டாக்டர் பொதுவாக மேஜையைத்தான் பார்த்தார். குணசீலன் திரும்பித் தனப்பிரியாவைப் பார்த்தான்.

அந்த ஜூன் மாதம்தான் அவள் மோகனூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். மகள் கிருத்திகா கோயமுத்தூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனதும், வீட்டில் பகல் பொழுது பெரிதாகிவிட்டது. படித்த படிப்பு பீரோவில் கிடந்தது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைக்கும் யுகேஜி வகுப்பு. இருபது சொச்சம் பிள்ளைகள். முதல் நாள் அவள் ஒரு நரிக்கதை சொன்னாள். அத்தனை பிள்ளைகளும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் "உம்... உம்..." என்று கேட்டன. ஒரு பையன் வாயைத் திறந்தபடி, "அப்பறம் மிஸ்?" என்றான். அன்று சாயங்காலம் வரை தன் குரலே தன் காதில் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு.

ரெண்டே மாதம். ஆடியில் மாமனார் விழுந்தார். தலைமை ஆசிரியை கோகிலவாணி நல்ல மனுஷி. "காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற வரைக்கும் நானே அந்தக் கிளாஸப் பாத்துக்கறேன் டீச்சர். தொறக்கற அன்னிக்கு வந்துருங்க. அதுக்கு மேல என்னாலயும் முடியாதுங்க, வேற ஆளத்தான் போடோணும்," என்றாள். தனப்பிரியா அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உட்காருவது மட்டும் போதவில்லை. உம் கொட்ட வேண்டியிருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு உம் ஒன்றையே கொடுத்தவர், இப்போது ஒவ்வொரு பேச்சுக்கும் பதிலுக்கு ஒன்று கேட்டார். நாலு வாக்கியத்துக்கு உம் வராவிட்டால் பேச்சு வேகமெடுக்கும். இடது கை போர்வையைப் பிசையும். அப்புறம் கால் ரெண்டும் கட்டிலை விட்டு இறங்கும்.

"கேக்கறயா அம்மிணி?"

"கேக்கறனுங்க மாமா."

"மேக்கால காட்டுல கெணறு வெட்டறப்ப பாற வந்துருச்சு."

"உம்."

"பாறன்னா பாற, சாமி. வெடி வெச்சும் அசையல."

"ஆமாங்க."

"அப்பறம் அந்தக் காள..."

சேலத்திலிருந்து ஏஜென்சி மூலம் ஒரு அம்மா பார்த்துக்கொள்ள வந்தாள். மலம் மூத்திரம் அள்ள அவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு வாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "எது வேணா செய்வேங்க. இந்த உம் மட்டும் என்னால ஆகாது. தூக்கத்துலயும் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்," என்று போய்விட்டாள். வாசல் கூட்டுகிற அத்தாயியை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அத்தாயிக்குக் காது மந்தம். அவர் மூச்சு விடுகிற இடத்தில் பேசாமல் இருப்பாள், பேசுகிற இடத்தில் "ஆமாஞ்சாமி, ஆமாஞ்சாமி" என்பாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆக, தனப்பிரியா. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் அவர் மாத்திரை போட்டுத் தூங்கும் வரைக்கும். அந்த அறையில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கோழிக் கொட்டகையின் பக்கச் சுவர். மேல்சுவரில் விரிசல் ஒன்று மோகனூர் சாலை மாதிரியே வளைந்து வளைந்து போகும். எந்த வளைவு எந்த பஸ் ஸ்டாப் என்று அவள் மனதுக்குள் பெயர் வைத்திருந்தாள். சோறு வடிக்கப் போனால் சமையலறையிலிருந்து கத்தி உம் சொல்ல வேண்டும். குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ரெண்டு சொம்புக்கு ஒரு உம். ஒருநாள் மருந்துக் கடையில் பையன் மாத்திரை பெயர் சொல்லச் சொல்ல இவள் உம், உம் என்று தலையாட்டிக்கொண்டே நின்றுவிட்டு, வேறு யாருக்கோ எடுத்து வைத்த மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தச் சொல் மட்டும் வீட்டை விட்டு வெளியே போய் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்க வருகிற ஒறம்பறை சொந்தங்களிடம் குணசீலன் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"லோகோரியாங்க. ரொம்பப் பேருக்கு வராதாம்."

பங்காளி குமாரசாமி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தார். கொஞ்ச நேரம் கட்டிலருகே நின்று கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி ஃபேர்லேண்ட்ஸ் வரைக்கும் போனியாப்பா? என்ற ஊட்டுக்காரிக்குக் கண்ணாலமான நாள்ல இருந்து இருக்குது. பேருதான் தெரியாம இருந்துச்சு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தனப்பிரியாவும் சிரித்துக்கொண்டே ஒரு உம் கொட்டினாள், மாமனார் பக்கம்.

அன்றோடு பால் சொசைட்டியிலும் அது பரவிவிட்டது. மைக்கைப் பிடித்தால் விடாத வார்டு மெம்பருக்கு லோகோரியா. இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு லோகோரியா. வீட்டுக்குள் அதற்கு வேறொரு உபயோகம் இருந்தது. சின்னண்ணன் எது சொன்னாலும் அது நோவு, கண்டுகொள்ள வேண்டியதில்லை.

ஒரு மத்தியானம் அவர், "கண்ணாத்தா பேசிப் பேசி ஓஞ்சு போனா, அம்மிணி. நான் உம்முன்னே இருந்துட்டேன்," என்றார். தனப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போது குணசீலனிடம் அதைச் சொன்னாள்.

"அது லோகோரியா புள்ள. அதுல அர்த்தம் தேடாத."

"இல்லீங்க, தெளிவாத்தான் சொன்னாரு. அத்தயப் பத்தி—"

"ரசம் ஊத்து."

அடுத்த வாரம் அவளே பேச்சை எடுத்தாள். பள்ளி திறக்கப் போகிறது. நாலு மணி நேரம்தான். அந்த நேரத்துக்கு அவன் அப்பாவோடு உட்கார்ந்தால், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். தீவனம், முட்டை வண்டி எல்லாம் மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே. அவள் எண்ணி வைத்திருந்த வார்த்தைகளில் பாதிதான் வெளியே வந்திருக்கும்.

"என்ன, உனக்கும் லோகோரியா தொத்திக்கிச்சா?" என்றான் குணசீலன், சிரித்தபடி. அவன் கெட்டவன் இல்லை. சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் கிணற்றின் மேல் பலகையைத் தள்ளி மூடினாற்போல் அந்தச் சொல் விழுந்தது. மிச்சம் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. "பாக்கலாம்," என்று எழுந்து கை கழுவப் போனான்.

அன்றிரவு கிருத்திகா தாத்தாவை விசாரிக்கப் போன் பண்ணினாள்.

"அப்பாரு எப்படிம்மா இருக்காரு?"

"பேசிட்டு இருக்காரு. ஏஞ்சாமி, அந்தச் சொல்லுக்கு நெஜமாலுமே என்ன அர்த்தம்? உன்ற போன்ல பாத்துச் சொல்லு."

கிருத்திகா தேடினாள். "ரெண்டு அர்த்தம் போட்டிருக்குதும்மா. ஒண்ணு, டாக்டர் சொன்ன நோவு. இன்னொண்ணு, சும்மாவே அளவில்லாமப் பேசறது. உதாரணம்கூட இருக்குது. அந்தப் பேச்சாளரோட லோகோரியாவால கூட்டமே தூங்கிருச்சாம்."

"எனக்கு லோகோரியான்னு தன்னப் பத்தியே யாராச்சும் சொல்லிக்கறாப்பல இருக்குதா?"

"இரு... இல்லம்மா. எல்லாமே அடுத்தவங்களச் சொல்றதுதான். ஏம்மா?"

"சும்மா கேட்டேன். நீ சாப்பிட்டயா?"

மறுநாள் துணி துவைக்கப் போகிற நேரத்தில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கிருத்திகா போட்டுவிட்டுப் போன பழைய போன் ஒன்று அலமாரியில் கிடந்தது. கண்ணாடி கீறியிருந்தது, மற்றபடி வேலை செய்தது. தனப்பிரியா அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாயருகே பிடித்தாள். "உம்." கொஞ்சம் விட்டாள். "ஆமாங்க." விட்டாள். "அப்பறமுங்க?" நின்று யோசித்தாள். "சரிங்க." இன்னும் என்ன சொல்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவுதான் இருந்தது.

திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி வைத்து, தலையணைக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"அந்தப் பாறைய என்ன பண்ணுனோம் தெரியுமா?"

"உம்."

"வெல்லம் காச்சற கொப்பரையத் தூக்கி வெச்சு அடுப்பாக்கிட்டோம்!"

"ஆமாங்க."

"அட, உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பறமுங்க?"

சின்னண்ணன் சிரித்தார். தனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு துணி துவைக்கப் போனாள். நிம்மதியாக முழுசாகத் துவைத்தாள். கொடியில் போட்டாள். கிளிப்கூட மாட்டினாள். உள்ளே போய்ப் பார்த்தபோது அவர் காவிரி வெள்ளத்துக்கு வந்திருந்தார், முகத்தில் அவ்வளவு திருப்தி. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ சிரிப்பு போய்விட்டது.

பள்ளி திறக்க ஒரு நாள் இடைவெளி இருந்த சனிக்கிழமை, கோகிலவாணி வரச் சொல்லியிருந்தாள். குணசீலன் தீவன மில்லுக்குப் போயிருந்தான். தனப்பிரியா போனை ஓட விட்டு, அத்தாயியை அறை வாசலில் உட்கார வைத்தாள்.

"உள்ள எட்டி எட்டிப் பாருங்க. கால எறக்குனாருன்னா என்ற போனுக்கு அடிங்க. பேச வேண்டாம்."

"நான் பேசுனா அவருக்கு ஆகாதே, அம்மிணி," என்று அத்தாயி முறுக்கிக்கொண்டாள்.

பள்ளியில் வகுப்பறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். "திங்கக்கெழம வந்துருவீங்கல்ல டீச்சர்? ஒரு பொண்ணு சர்ட்டிபிகேட்டோட வந்து கேட்டுட்டுப் போயிருக்குது," என்றாள் கோகிலவாணி.

"வந்துருவனுங்க மேடம்."

சொல்லிவிட்டாள். வீட்டில் யாரும் சரி என்று சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ராத்திரி குணசீலனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். பாலத்தில் இறங்கி, வெயிலுக்குப் பயந்து வாழைத் தோட்டத்துக்குள் புகுந்து, பின்கட்டு வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் காலெடுத்து வைக்கிறபோது கூடத்தில் குணசீலனின் குரல் கேட்டது. சீக்கிரம் வந்துவிட்டான். மாட்டினோம் என்று நின்றுவிட்டாள்.

அவன் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தான். கூடத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, போனைத் தடவியபடி, அறைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல். அத்தாயி எப்போதோ எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள்.

"ஏம்புள்ள, யோசிச்சுப் பாத்தேன். அப்பாவ இப்பிடி வெச்சுக்கிட்டு இந்த ஸ்கூலெல்லாம் ஆகாது."

"உம்," என்றது அறை.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம். இந்த வேல எங்க போயிறப் போகுது?"

"ஆமாங்க."

"நீயே புரிஞ்சுக்குவன்னு தெரியும்."

"அப்பறமுங்க?"

"அந்த மேடத்துக்கு நானே போன் பண்ணி, இனி வர மாட்டான்னு சொல்லிடறேன். என்ன?"

சமையலறையில் தனப்பிரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனுக்குள் இருந்த தனப்பிரியா சரியாக வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு, பணிவாகச் சொன்னாள்.

"சரிங்க."

குணசீலன் நிம்மதியாக நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளை அடித்தது. இருபது வருஷமாக அவன் கேட்ட குரல் அதுதான். அவள் வீட்டில் இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒருவேளை இந்த 'சரிங்க'கூட இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

அவள் கூடத்துக்கு வந்தாள். "போன வைங்க."

குணசீலன் நிமிர்ந்தான். கையில் மஞ்சள் பையோடு, வெயிலில் சிவந்த முகத்தோடு நிற்கிற மனைவியைப் பார்த்தான். அறைக்குள்ளிருந்து அவளே, "அப்பறமுங்க?" என்றாள். அவன் அறையைப் பார்த்தான். மறுபடி இவளைப் பார்த்தான். நெற்றி வேர்த்துவிட்டது.

"நீ இங்க... அப்ப உள்ள யாரு?"

"அதும் நாந்தானுங்க."

அவள் அறைக்குள் போய்த் துணியை விலக்கிப் போனை எடுத்து அணைத்தாள். குணசீலன் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "அப்பாவ ஏமாத்திட்டு ஊர் சுத்தீட்டு வாரயா?" என்றான்.

"அவர மட்டுமா? உங்களையுந்தான். நீங்க வித்தியாசமே கண்டுபிடிக்கலீங்களே."

அதற்கப்புறம் பேச்சு தானாக வந்தது. பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த வரிசையில் வரவில்லை. வெள்ளையடித்த வகுப்பறை வந்தது. நரிக்கதை வந்தது. ரெண்டு சொம்புக்கு ஒரு உம் வந்தது. மருந்துக் கடையில் தப்பு மாத்திரை வாங்கி வந்து, மறுபடி நடந்து போய் மாற்றியது வந்தது. கல்யாணமான புதிதில் ஓமலூரில் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போய்வருகிறேன் என்று கேட்டதும், அதற்கு மூக்கு வழியாக ஒரு உம் வந்ததும், அப்புறம் கேட்காமலே விட்டதும் வந்தது. அத்தை கண்ணாத்தாள் கடைசிக் காலத்தில் கோழிகளிடம் பேசிக்கொண்டிருந்தது வந்தது. அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. நிற்கத்தான் இல்லை.

"அட, நிறுத்து புள்ள! என்ன இது! உனக்கும் லோகோரியா வந்துருச்சா?"

"ஆமாங்க," என்றாள் தனப்பிரியா. "எனக்கும் லோகோரியாதான்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஃபேர்லேண்ட்ஸ்ல டாக்டர் என்ன சொன்னாரு, நெனப்பிருக்குதா? நோவாளி பக்கத்துல யாராச்சும் ஒருத்தர் உக்காந்து கேக்கோணும்னாரு. கேக்க ஆளில்லேன்னா எந்திரிச்சு நடந்துருவாங்கன்னாரு. இந்தாங்க." கட்டிலோரம் கிடந்த நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். மாதக்கணக்கில் அவள் உட்கார்ந்த நாற்காலி. சீட்டில் குழி விழுந்திருந்தது. "உக்காருங்க."

குணசீலன் நாற்காலியைப் பார்த்தான். வெளியே முட்டை வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவன் உடம்பு தன்னால் வாசல் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் ரெண்டு பேருக்கும் அது உறைத்தது. அறையில் சத்தமில்லை. சின்னண்ணன் பேசவில்லை. தலையணையில் சாய்ந்தபடி, இடது கையைப் போர்வைமேல் வைத்துக்கொண்டு மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்," என்றார்.

வெட்டினது இல்லை. இழுத்ததும் இல்லை. மூக்கு வழியாகவும் வரவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காத ஒன்று. அது கேட்கிறதா, இல்லை, இத்தனை நாள் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறதா என்று தனப்பிரியாவுக்குத் தெரியவில்லை. நோவில் அப்படியும் நடக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்பறம்?" என்றார் சின்னண்ணன்.

வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. குணசீலன் ஜன்னல் வழியாக, "இருடா, வாரேன்!" என்று கத்திவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். எழுந்து போகத் தோதான உட்கார்வுதான். ஆனாலும் உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை காலையில் அவன் அதே நாற்காலியில் இருந்தான், மடியில் தீவனக் கணக்கும் கையில் போனுமாக. "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். நாளைக்குச் சொல்ல முடியாது," என்றான்.

"நாளைக்கு மறுபடி சொல்றனுங்க. தெனமும் சொல்றேன்."

"மேக்கால காட்டுல கெணறு வெட்டறப்ப," என்று ஆரம்பித்தார் சின்னண்ணன்.

"உம்," என்றான் மகன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாற வந்துருச்சு. கேக்கறயாடா?"

"கேக்கறன்ப்பா."

தனப்பிரியா பின்கட்டுக்கு வந்து செருப்பை மாட்டினாள். படியிறங்கியவள் திரும்பி வந்து, அலமாரியிலிருந்து கண்ணாடி கீறிய அந்தப் பழைய போனை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதை அந்த வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு நம்பிக்கை இல்லை.

பாலத்தருகே பஸ்ஸுக்கு நின்றபோது கைப்பைக்குள் அவளுடைய போன் அடிக்க ஆரம்பித்தது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை. கிணற்றுப் பாறைக்கு அப்புறம் என்ன வரும் என்று கேட்பான், இல்லையென்றால் எப்போது வருவாய் என்று கேட்பான். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுத்து, அப்புறம்தான் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.